நோய்ப்படுக்கையருகே ஜெபம்



உங்கள் காணிக்கையோடு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி பல ஆண்டுகளாகவே திரும்பத் திரும்ப வருகிறது. "மருத்துவமனைக்கு வருகிறவர்களில் அநேகர் பிற மதத்தாராயிற்றே. அவர்கள் தங்கள் முறையில் வேண்டிக்கொள்ள இடங்கொடுக்கிறீர்களா? அவர்கள் செய்வதும் ஜெபம்தானா?" என்று சிலர் அன்போடு கேட்கிறார்கள்; சிலர் வருத்தத்தோடும் கேட்கிறார்கள். இதற்கு இரண்டு வரியில் பதில் எழுதுவது நியாயமாகாது. ஆகவே இவ்விதழில் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

எல்லா மதத்தாரின் ஜெபமும் ஒன்றே என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது எந்த மதத்தாருக்கும் மரியாதையாகாது. வேறுபாடுகள் உண்மையானவை, ஆழமானவை. ஆனாலும் கட்டிலில் படுத்திருக்கும் ஒருவர் யாரை நோக்கி, எப்படி, எதற்காக வேண்டுகிறார் என்பதை அறியாமல் அவருக்குச் செய்யும் பணிவிடை அரைகுறையானது. அயலானை நேசிக்கக் கட்டளை பெற்ற நாம், அவன் முழங்கால்படியிடும்போது என்ன செய்கிறான் என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பது எப்படி?

ஒரு சொல்லின் சரித்திரம்

நாம் அன்றாடம் வழங்கும் 'ஜெபம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இது 'ஜப' என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. மெல்லிய குரலில் திரும்பத் திரும்ப உச்சரித்தல் என்பது அதன் பொருள். 108 மணிகள் கோத்த மாலையை உருட்டி இறைவனின் பெயரைச் சொல்வதை இந்துக்கள் ஜபம் என்றே சொல்கிறார்கள். அதே சொல்லைத் தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நாம் தேவனோடு பேசுவதற்கெல்லாம் பொதுப்பெயராக வைத்துக்கொண்டோம். கத்தோலிக்க சகோதரர்களின் கையிலிருக்கும் ஜெபமாலையில் அதன் பழைய பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதலாம் சங்கீதத்தில் 'தியானம்' என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரெய மூலத்தில் உள்ள சொல் 'ஹாகா'. அதற்கும் மெல்லிய குரலில் முணுமுணுத்தல் என்ற பொருள் உண்டு. வேதத்தில் பிரியமாயிருக்கிற மனுஷன் வாய் மூடி யோசிக்கிறவன் மட்டுமல்ல, அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருக்கிறவன். இரவில் வார்டுகளைச் சுற்றிவரும் செவிலியர்கள் இந்த முணுமுணுப்பை நன்கு அறிவார்கள். வலியில் தூக்கம் வராதவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஏதோ ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். புதிதாக வாக்கியம் அமைத்துப் பேச வலி விடாது. சிறுவயதில் மனப்பாடமான சொற்களே அப்போது கைகொடுக்கும்.

கேட்கும் ஜெபமும் கேளாத ஜெபமும்

ஜெபம் என்றதும் தேவையைக் கேட்பது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். மற்ற மதத்தாரைக் கவனித்தால், கேட்பது அதன் ஒரு பகுதி மாத்திரமே என்பது விளங்கும்.

இஸ்லாமியரிடத்தில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. நாளொன்றுக்கு ஐந்து வேளை, குறித்த நேரத்தில், மக்கா நகரிலுள்ள கஅபாவை நோக்கி, குறித்த முறைப்படி நிறைவேற்றுவது தொழுகை. அது ஒரு கடமை. தன் குறைகளைத் தன் சொந்த வார்த்தைகளில் இறைவனிடம் முறையிடுவது துஆ. நோயாளிக்கும் தொழுகைக் கடமை உண்டு. ஆனால் அவருக்குச் சலுகைகளும் உண்டு. நிற்க இயலாவிட்டால் உட்கார்ந்தும், உட்கார இயலாவிட்டால் படுத்தபடியும், அசைய இயலாவிட்டால் தலையசைவினாலும் தொழலாம். காயத்தின் மேல் தண்ணீர் படக்கூடாது என்று மருத்துவர் சொன்னால், ஒளூ செய்வதற்குப் பதிலாகச் சுத்தமான மண்ணில் உள்ளங்கைகளைத் தட்டி முகத்தையும் கைகளையும் தடவிக்கொள்ளும் 'தயம்மும்' போதும். ரமலான் நோன்பையும் நோயாளி விட்டுப் பிறகு நிறைவேற்றலாம். இது தெரியாமல் மருந்தையும் ஆகாரத்தையும் மறுக்கும் நோயாளியிடம், அவருடைய மார்க்க அறிஞர் ஒருவரை அழைத்துப் பேசச் செய்தால் சிக்கல் தீர்ந்துவிடுகிறது.

இந்துக்களிடத்தில் வழிபாட்டு முறைகள் பல. கோவிலில் நோயாளியின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்வார்கள். குணமானால் முடி காணிக்கை தருவதாகவோ, வெள்ளியில் கண், கை, கால் உருவங்களைச் செலுத்துவதாகவோ நேர்ந்துகொள்வார்கள். சீர்காழிக்கு அருகிலுள்ள வைத்தீஸ்வரன் கோவிலில் சிவனையே வைத்தியனாக வணங்குகிறார்கள். சமயபுரத்தில் பக்தர்களின் நலனுக்காக மாரியம்மனே 28 நாட்கள் பச்சைப் பட்டினி விரதம் இருப்பதாக நம்புகிறார்கள். இவற்றைக் கேட்டதும் நமக்கு அந்நியமாகத் தோன்றலாம். ஆனால் வேளாங்கண்ணிக்குச் சென்றவர்கள் அங்கே காணிக்கையாக வைக்கப்பட்டுள்ள சின்னச் சின்ன உறுப்பு உருவங்களைப் பார்த்திருப்பீர்கள். நேர்ந்துகொள்வது நம் மண்ணில் எல்லாருக்கும் பொதுவான பழக்கம். நம்முடைய வேதாகமத்திலும் அன்னாள் பொருத்தனை பண்ணித்தான் சாமுவேலைப் பெற்றாள்.

ஒன்றுமே கேளாத ஜெபமும் உண்டு. சமணர்கள் தினமும் சொல்லும் ணமோகார மந்திரத்தில் அருகர், சித்தர், ஆசிரியர், உபாத்தியாயர், சாதுக்கள் என்னும் ஐவகைப் பெரியோருக்கு வணக்கம் மட்டுமே உண்டு. எவருடைய தனிப்பெயரும் அதில் இல்லை. எந்த வரமும் அதில் கேட்கப்படுவதில்லை. மேல்சித்தாமூர் மடத்தைச் சார்ந்த நம் தமிழ்ச் சமணரும், வடநாட்டிலிருந்து வந்து இங்கே வியாபாரம் செய்யும் சமணரும் இதையே சொல்கிறார்கள். வலியோடிருக்கும்போதும் தனக்கென்று ஒன்றும் கேளாமல் வணங்க மட்டும் செய்கிற அந்த ஒழுக்கத்தை நாம் மதிக்கத்தான் வேண்டும்.

தேரவாத பௌத்தத்தில் படைத்தவராகிய ஒரு கடவுளை நோக்கி விண்ணப்பம் செய்வது இல்லை. ஆனாலும் நோயாளியின் அருகே பிக்குகள் அமர்ந்து சூத்திரங்களை ஓதுவார்கள். இலங்கையில் இதைப் 'பிரித்' என்கிறார்கள். ஓதி முடித்ததும் நோயாளியின் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டுவார்கள். இப்படி ஓதப்படும் 'போஜ்ஜங்க' சூத்திரங்களில், கௌதம புத்தரே ஒரு சமயம் நோயுற்றிருந்தபோது தம் சீடர் ஒருவரை அதை ஓதச் சொல்லிக் கேட்டார் என்று வருகிறது. போதிக்கிற குருவும் நோயில் விழுந்தால் பிறர் வாயிலிருந்து ஆறுதலான சொல்லைக் கேட்கவேண்டியிருக்கிறது.

எல்லாரும் சேர்கிற ஒரு இடம்

இப்படி வேறுபட்டு நிற்கும் மார்க்கங்கள் ஒரு இடத்தில் மட்டும் வியக்கத்தக்க விதமாய் நெருங்கி வருகின்றன. நோயாளிக்காக வேண்டிக்கொள்வதை, நோயாளியின் அருகில் போவதிலிருந்து அவை பிரிப்பதில்லை.

யூத ரபீமார் இதைத் திட்டமாகப் போதித்தார்கள். நோயாளியைச் சந்திப்பது ஒரு கடமை. சந்தித்தவன் அவருக்காக இரக்கம் வேண்டாமல் திரும்பினால் அந்தக் கடமை நிறைவேறவில்லை. தேவனுடைய பிரசன்னம் நோயாளியின் தலைமாட்டில் தங்கியிருக்கிறது என்று 41-ம் சங்கீதத்தை ஆதாரமாகக் கொண்டு அவர்கள் சொன்னார்கள். ஆகையால் வருகிறவன் நோயாளியைவிட உயரமான இடத்தில் உட்காராமல் மரியாதையாய்த் தாழ உட்காரவேண்டும் என்று விதித்தார்கள். பார்க்கப் போகிறவன் அந்த நோயில் அறுபதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகிறான் என்ற பேச்சும் தல்மூதில் உண்டு. யூதரின் அன்றாட ஜெபத்தில் சுகத்திற்கான விண்ணப்பம் 'எனக்கு' என்று இல்லை. 'எங்களுக்கு' என்று பன்மையில் இருக்கிறது.

புத்தரைப் பற்றிப் பாலி வினய நூலில் ஒரு சம்பவம் உண்டு. வயிற்றுப்போக்கினால் தன் மலஜலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவை மற்றவர்கள் கவனியாது விட்டிருந்தார்கள். புத்தர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, இருவருமாக அவரைக் கழுவித் தூக்கிப் படுக்கையில் கிடத்தினார்கள். பின்பு பிக்குகளைக் கூட்டி, எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவன் நோயாளிக்குச் செய்யட்டும் என்ற கருத்துப்படப் போதித்தார்.

இஸ்லாமியரின் 'ஸஹீஹ் முஸ்லிம்' என்னும் நபிமொழித் தொகுப்பில், நியாயத்தீர்ப்பு நாளில் இறைவன் மனிதனிடம், நான் நோயுற்றிருந்தேன், நீ என்னைப் பார்க்க வரவில்லையே என்று கேட்பதாக ஒரு செய்தி உண்டு. நீர் சர்வலோகத்தின் இரட்சகராயிற்றே, உம்மை எப்படிப் பார்ப்பேன் என்று மனிதன் திகைக்கிறான். நோயுற்றிருந்த என் அடியானை நீ பார்க்கப் போயிருந்தால் அவனிடத்தில் என்னைக் கண்டிருப்பாயே என்பது அதற்கு வரும் மறுமொழியின் கருத்து.

மத்தேயு 25-ம் அதிகாரத்தை அறிந்த எவருக்கும் இதை வாசிக்கையில் நெஞ்சு துணுக்குறும். மனுஷகுமாரன் மகிமையின் சிங்காசனத்தில் வீற்றிருந்து கேட்கும் கேள்வியும் இதுவே அல்லவா? யாக்கோபு நிருபத்தின் 5-ம் அதிகாரத்திலும் ஒழுங்கு அப்படித்தான் இருக்கிறது. வியாதிப்பட்டவன் ஆலயத்திற்கு வரவேண்டும் என்று யாக்கோபு சொல்லவில்லை. சபையின் மூப்பர்கள் அவனிடத்திற்கு வரவேண்டும், எண்ணெய் பூசி ஜெபிக்கவேண்டும் என்கிறார். கத்தோலிக்கர் இதை 'அவஸ்தைப்பூசுதல்' என்று அழைத்து, மரணத் தறுவாயில் இருப்பவர்களுக்கே கொடுத்துவந்தார்கள். 1972-ம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல் அதைச் சீர்திருத்தி, கடும் நோயுற்ற எவரும் பெறலாம் என்று தெளிவாக்கினார். இப்போது 'நோயில் பூசுதல்' என்றே அதற்குப் பெயர்.

எங்கள் அனுபவத்தில் நாங்கள் கண்டதும் இதுவே. ஜெபம் என்பது முதலாவது அருகில் போவது. தேவனுக்கு அருகிலும், துன்பப்படுகிறவனுக்கு அருகிலும்.

ஜெபமும் மருந்தும்

"ஜெபித்தால் சுகமாகும் என்பதற்கு விஞ்ஞானச் சான்று உண்டா?" என்று படித்த வாலிபர்கள் கேட்கிறார்கள். இதை ஆராய்ந்து பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2006-ல் வெளிவந்தது. தங்களுக்காக ஜெபிக்கப்படுமோ இல்லையோ என்று அறியாத இரு பிரிவினரில், ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கும் ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் சிக்கல்கள் ஏற்பட்டன. தங்களுக்காக ஜெபிக்கிறார்கள் என்று நிச்சயமாய் அறிந்திருந்த மூன்றாவது பிரிவினரிலோ அது 59 சதவீதமாக இருந்தது.

இதை உங்களிடம் மறைக்க நாங்கள் விரும்பவில்லை. ஜெபத்தை மாத்திரையைப்போல் அளவு பார்த்துக் கொடுத்துப் பலனை எண்ணிவிட முடியாது என்பதையே இதிலிருந்து நாங்கள் கற்றுக்கொள்கிறோம். ஜெபித்தவர்கள் தூரத்திலிருந்த அந்நியர். நோயாளியைப் பற்றி அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது முதற்பெயரும், கடைசிப் பெயரின் ஓர் எழுத்தும் மாத்திரமே. மேலே சொன்ன மார்க்கங்கள் எல்லாம் வற்புறுத்துகிற அந்த அருகாமை அங்கே இல்லை. வேதமும் நமக்கு வேறுவிதமாய் வாக்குப் பண்ணவில்லை. பவுல் அப்போஸ்தலன் தன் மாம்சத்திலுள்ள முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, கிருபை கிடைத்தது. கெத்செமனேயில் நம் ஆண்டவர் பாத்திரம் நீங்கும்படி கேட்டார்; அது நீங்கவில்லை. அன்று இரவு அவர் தம் சீடரிடம் கேட்டதெல்லாம் தம்மோடுகூட விழித்திருக்கவேண்டும் என்பதே. அவர்களோ தூங்கிப்போனார்கள்.

கவனிப்பை விட்டுவிட்ட ஜெபம் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய ஒரு மனநலக் காப்பகத்தில் விடியற்காலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் ஓட வழியின்றி வெந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். அங்குள்ள தர்காவில் வேண்டினால் குணமாகும் என்று நம்பிப் பல மதத்தாரும் தங்கள் வீட்டாரைக் கொண்டுவந்து இப்படிப்பட்ட கொட்டகைகளில் விட்டுச் சென்றிருந்தார்கள். இதை ஒரு மதத்தின் மேல் பழியாகப் போடுவது அநியாயம். சுகமளிக்கும் கூட்டத்தில் கைவைத்து ஜெபித்தார்கள் என்று காசநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிற நம் ஜனங்களும் உண்டு. ஆறு மாதம் தவறாமல் சாப்பிடவேண்டிய மருந்தை இரண்டு மாதத்தில் நிறுத்தினால், கிருமி மருந்துக்கு அடங்காததாய் மாறித் திரும்பி வரும். வீட்டிலுள்ள குழந்தைகளையும் தொற்றும். பிற்பாடு ஏர்வாடி தர்காவிலேயே வேண்டுதலோடு மனநல மருத்துவரின் மருந்தும் கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்தது. 'மருந்தும் துஆவும்' என்பது அந்தத் திட்டத்தின் கருத்து. அது மெய்யான ஞானம். நம்முடைய சுவிசேஷங்களில் ஒன்றை எழுதிய லூக்காவும் ஒரு வைத்தியன்தானே.

நாங்கள் செய்துவருவது

இனி உங்கள் கேள்விக்கு வருகிறோம். நாங்கள் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். அதை யாரிடத்திலும் மறைப்பதில்லை. ஆனால் நோயாளியின் அனுமதி கேட்காமல் அவர் தலைமேல் கைவைப்பதில்லை. கையில் ஊசியும் மூக்கில் குழாயுமாய்க் கிடக்கிறவர் "வேண்டாம்" என்று சொல்லவும் அஞ்சுவார். சிகிச்சை தடைப்படுமோ என்று பயந்து "சரி" என்பார். அந்தப் பயத்திலிருந்து பிறக்கும் சம்மதத்தில் தேவனுக்கு மகிமை இல்லை. ஆகவே கேட்கும்போதே, ஜெபித்தாலும் ஜெபிக்காவிட்டாலும் சிகிச்சையில் வித்தியாசம் இராது என்பதையும் சொல்லிவிடுகிறோம். வேண்டாம் என்றால் சற்று நேரம் பேசாமல் அருகே உட்கார்ந்துவிட்டு வருகிறோம்.

பிற மதத்தார் தங்கள் முறையில் வேண்டிக்கொள்ள இடமளிக்கிறோம். மேற்கே சற்று வடக்காகக் கிப்லாத் திசை எது என்று கேட்கிறவருக்குக் காட்டிக் கொடுக்கிறோம். சமண நோயாளிக்குச் சூரியன் மறையுமுன் இரவுச் சாப்பாடு கொடுக்கச் சமையலறைக்குச் சொல்கிறோம். சீக்கியர் வந்தால், அறுவைச் சிகிச்சைக்காக முடியை எடுக்குமுன் மருத்துவரே அவரோடும் குடும்பத்தாரோடும் பேசுகிறார். தாயத்தோ தாலியோ கழற்றவேண்டியிருந்தால் காரணத்தைச் சொல்லிக் கேட்டு, உறவினர் கையில் பத்திரமாய்க் கொடுக்கிறோம்.

எல்லைகளும் உண்டு. அவை எல்லா மதத்தாருக்கும் ஒன்றே. பிராணவாயு கொடுக்கும் இடத்தில் விளக்கும் இல்லை, ஊதுபத்தியும் இல்லை, மெழுகுவர்த்தியும் இல்லை. அறுவைச் சிகிச்சைக்காக வெறும் வயிற்றோடு இருப்பவர் வாயில் கோவில் தீர்த்தமோ, ஜம்ஜம் நீரோ, வேளாங்கண்ணித் தீர்த்தமோ ஊற்றக்கூடாது. விபூதியானாலும் ஜெபித்த எண்ணெயானாலும் நெற்றியில் இடலாம், புண்ணில் படக்கூடாது. மரணம் நெருங்கும்போது இந்துக் குடும்பத்தார் கங்கைத் தீர்த்தம் கேட்பார்கள். முஸ்லிம்கள் காதருகே கலிமா சொல்வார்கள். அந்நேரத்தில் திரையை இழுத்துவிட்டு, அவர்களுக்கு அமைதியான இடத்தை ஒதுக்கிக் கொடுப்பதே எங்கள் ஊழியம்.

இது நம் விசுவாசத்தை விட்டுக்கொடுப்பதாகுமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுகிறோம். 1986-ம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் அழைப்பின் பேரில் உலக மதங்களின் தலைவர்கள் இத்தாலியிலுள்ள அசிசி நகரில் சமாதானத்திற்காகக் கூடினார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரே ஜெபத்தைச் சொல்லவில்லை. ஜெபிப்பதற்காகச் சேர்ந்து வந்தார்கள். ஒருவர் ஜெபித்தபோது மற்றவர்கள் மரியாதையாய் அமைதி காத்தார்கள். எங்கள் வார்டுகளில் இதுதான் தினமும் நடக்கிறது. ஒரு கட்டிலில் தொழுகை, அடுத்த கட்டிலில் ஜபமாலை, மூன்றாவது கட்டிலில் சங்கீதம். ஒருவர் குரல் மற்றவரை எழுப்பிவிடாதபடி மூவரும் தாழ்ந்த குரலில் வேண்டிக்கொள்கிறார்கள்.

அன்பானவர்களே, "அதுவும் ஜெபம்தானா?" என்று கேட்டீர்கள். ஒருவருடைய வார்த்தை தேவ சமுகத்தில் எப்படி ஏறுகிறது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எங்களுக்குக் கொடுக்கப்படவில்லை. நியாயாசனத்தில் நம்மிடம் கேட்கப்படும் கேள்வியோ முன்கூட்டியே நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. வியாதியாயிருந்தவனிடத்திற்குப் போனோமா என்பதே அது.

நீங்கள் எங்களுக்காகத் தூரத்திலிருந்து ஜெபிக்கிறீர்கள். அதோடு நீங்கள் அனுப்பும் காணிக்கை ஒரு இரவுப் பணிச் செவிலியராக, ஒரு சக்கர நாற்காலியாக, கட்டணம் செலுத்த முடியாதவருக்கு ஒரு படுக்கையாக அந்த நோயாளியின் அருகில் வந்து நிற்கிறது. இம்முறை ஜெபிக்கும்போது, பெயர் தெரியாத எங்கள் நோயாளிகளுக்காக மாத்திரமன்றி, உங்கள் தெருவில் படுத்திருக்கும் ஒருவரையும் பெயர் சொல்லி நினைத்துக்கொள்ளுங்கள். ஜெபித்து முடித்ததும் எழுந்து போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அவர் எந்த மதத்தாரானாலும் சரி. தாழ்ந்த இடம் பார்த்து உட்காருங்கள்.

ஆண்டவருடைய சமாதானம் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.

அவருடைய ஊழியத்தில் உங்களோடு,
மருத்துவமனைப் போதகர்